பளையின் பற்றீசும் பெண்களின் கணக்கும்

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வருபவர்கள் பரந்தனைக் கடந்து ஆனையிறவு வெளியில் ஏறும்போது இரு பக்கமும் நீரும் உப்பும்தான் தெரியும். அந்த வெளி முடிந்து இயக்கச்சியைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். மணல் தரையும் தென்னந்தோப்புகளும் தொடர்ந்து வந்தால் பளை வந்துவிட்டது என்று கொள்ளலாம். நில அமைப்பில் குடாநாட்டோடு ஒட்டியிருந்தாலும் நிர்வாகத்தில் பளை கிளிநொச்சி மாவட்டத்துக்கே உரியது. பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலர் பிரிவு என்று கடிதங்களில் எழுதுகிறோமே, அதன் மையம் இந்தச் சிறு நகரம்தான்.

பளையின் தென்னை இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில், பிரித்தானியர் காலத்தில், இந்த மணல் நிலத்தில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அன்றிலிருந்து தேங்காய் உரித்தல், துருவுதல், பால் பிழிதல், எண்ணெய் காய்ச்சுதல் எல்லாம் இங்குள்ள பெண்களின் கைக்குப் பழகிய வேலைகள். பின்னர் வந்த போர் அந்தத் தென்னைகளையும் விட்டுவைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுச் சமரின்போதும், 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்ட பின்னரும், 2009 ஜனவரியிலும் இப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் எழும்பி ஓடினார்கள். திரும்பி வந்தபோது தலையில்லாத தென்னைகள் வரிசையாக நின்றன. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நீண்டது. அந்த வேலைக்குப் போனவர்களில் கணிசமானோர் இப்பகுதிப் பெண்கள் என்பதையும் இங்கு சொல்லவேண்டும்.

இப்படியான ஓர் ஊரில் பற்றீசைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். பளைச் சந்தியில் உள்ள தேநீர்க் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். வடை, வாய்ப்பன், றோல்ஸ், பற்றீஸ் எல்லாம் இருக்கும். வாங்கிச் சாப்பிடுபவர்கள் அவை கடையில் செய்தவை என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தப் பற்றீசில் ஒரு பங்கு பின்வீதியில் உள்ள ஏதோ ஒரு வீட்டுக் குசினியில், விடியற்காலை நான்கு மணிக்கு, ஒரு பெண்ணின் கையால் மடிக்கப்பட்டதாக இருக்கும். அந்தக் கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கடைசித் தரிப்பிடமாக இருந்த ஏழு மாதங்கள்

வடக்குப் புகையிரதச் சேவை 1990இல் நின்றுபோனது. பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 மார்ச் 4ஆம் திகதி புகையிரதம் பளை வரை வந்தது. யாழ்ப்பாணம் வரை அது ஓடத் தொடங்கியது அதே ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதிதான். இடைப்பட்ட ஏழு மாதங்களும் பளையே கடைசித் தரிப்பிடம். கொழும்பிலிருந்து வந்த சனம் இங்கு இறங்கி, பொதிகளோடு நின்று, யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து ஏறியது. நீண்ட பயணம் செய்து இறங்குபவர்களுக்குச் சோறு சாப்பிட நேரம் இருக்காது. கையில் பிடித்துக்கொண்டு தின்னக்கூடிய ஒன்றுதான் வேண்டும். பற்றீசும் றோல்சும் அந்தத் தேவைக்குப் பொருத்தமானவை. இலையும் வேண்டாம், கை கழுவ வாளித் தண்ணீரும் வேண்டாம்.

பின்னர் புகையிரதம் பளையைத் தாண்டிப் போய்விட்டது. ஆனாலும் ஏ9 வீதியில் ஓட்டம் குறையவில்லை. பாடசாலைகள், பிரதேச செயலகம், வைத்தியசாலை, கூட்டங்கள், கோயில் திருவிழாக்கள் என்று சிற்றுண்டிக்கான தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

பறங்கியர் மேசையிலிருந்து நமது குசினிக்கு

பற்றீஸ் என்ற பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. பண்டமோ ஐரோப்பியரோடு வந்து, இலங்கையில் வாழ்ந்த பறங்கியர் வீடுகளில் ஊறி, பிறகு எல்லோருக்கும் பொதுவாகியது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடமும் 1658இல் ஒல்லாந்தரிடமும் போனது. ஆனையிறவிலும் இயக்கச்சியிலும் ஒல்லாந்தர் சிறு கோட்டைகள் வைத்திருந்தார்கள். அவர்கள் நாட்டில் இத்தகைய பண்டத்தை வெதுப்பியில் சுட்டார்கள். வெதுப்பி இல்லாத இந்நாட்டு வீடுகளில் அது கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும் பண்டமாயிற்று. மாவைக் குழைக்கத் தேங்காய்ப் பால் சேர்த்தார்கள். உள்ளே கறிவேப்பிலையும் மிளகும் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த பண்டம் இப்படித்தான் உள்ளூர்ப் பண்டமானது.

ஆனால் மாவுக்குள் உள்ளுடன் வைத்து மூடும் கலையை நமக்கு எந்த ஐரோப்பியரும் கற்றுத்தரவில்லை. ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவிக்காத வீடு நம்மிடையே உண்டா? வட்டமாகத் தட்டி, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை விரலால் நெளித்து மூடுகிறோம். குழந்தைக்குப் பல் முளைத்தால் கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதிக்கிறோம். இந்தக் கைக்குப் பற்றீஸ் புதிதல்ல. அரிசி மாவுக்குப் பதில் கோதுமை மா, ஆவிக்குப் பதில் எண்ணெய், இனிப்புக்குப் பதில் உறைப்பு. இவ்வளவுதான் வேறுபாடு. "எனக்குப் பேக்கரி வேலை தெரியாது" என்று தயங்கும் சகோதரிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

25 பற்றீஸ் செய்யும் முறை

வீட்டுத் தேவைக்கு 25 பற்றீஸ் செய்ய ஒன்றரை மணித்தியாலம் போதும். வேலைகளை ஒழுங்கு பிரித்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும். கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு மாவைக் குழைக்க வேண்டும். உள்ளுடன் ஆறும் நேரத்தில் மா ஊற வேண்டும்.

மாவுக்கு வேண்டியவை: கோதுமை மா 500 கிராம், மாஜரின் 75 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, முட்டை மஞ்சட்கரு ஒன்று, தடிப்பான தேங்காய்ப் பால் முக்கால் கோப்பை அளவு.

உள்ளுடனுக்கு வேண்டியவை: உருளைக்கிழங்கு 400 கிராம், வெங்காயம் 100 கிராம், பச்சை மிளகாய் நான்கு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, மிளகுதூள் ஒரு தேக்கரண்டி, சிறிது பெருஞ்சீரகம், 425 கிராம் ரின் மீனில் பாதி, அரைத் தேசிக்காய், அளவான உப்பு.

முதலில் மாவை அரித்து, உப்புச் சேர்த்து, மாஜரினை விரல் நுனிகளால் பிசறுங்கள். மா பிட்டுக்குக் கொத்தியது போல உதிரியாக வரவேண்டும். மஞ்சட்கருவைச் சேர்த்து, தேங்காய்ப் பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். பால் முழுவதும் தேவைப்படாமல் போகலாம். ரொட்டி மாவைவிடச் சற்று இறுக்கமாக இருந்தால் போதும். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் விடுங்கள்.

கிழங்கை அவித்து உரித்து ஒன்றிரண்டாக மசியுங்கள். தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு பெருஞ்சீரகம், வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, தண்ணீர் வடித்து முள் நீக்கிய மீனைப் போட்டு ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். பிறகு கிழங்கு, மிளகுதூள், உப்புச் சேர்த்து இறக்கி, தேசிப்புளி விடுங்கள். இதைத் தட்டில் பரவி நன்றாக ஆறவிட வேண்டும். சூடான உள்ளுடனை வைத்து மூடினால் அதன் ஆவி மாவை இளக்கிவிடும். அப்படி இளகிய பற்றீஸ் எண்ணெயில் வெடித்து, உள்ளே இருப்பது வெளியே வந்து, எண்ணெய் முழுவதும் கருகிப்போகும். பலர் "எனக்குச் சரிவரவில்லை" என்று கைவிட்டதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஊறிய மாவை மெல்லியதாக உருட்டுங்கள். உருட்டுக்கட்டை இல்லாவிட்டால் கழுவித் துடைத்த போத்தல் போதும். மூன்று அங்குல வாயுள்ள பேணியால் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி உள்ளுடன் வைத்து, விளிம்பில் தண்ணீர் தொட்டு, மடித்து, முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்துங்கள். வெட்டிய மிச்ச மாவைச் சேர்த்து மறுபடி உருட்டலாம். எண்ணெய் சூடாகியதா என்று பார்க்க ஒரு துண்டு மாவைப் போடுங்கள். அது நுரைத்து மெதுவாக மேலே வந்தால் சரி. உடனே கருகினால் நெருப்பைக் குறையுங்கள். நான்கைந்தாகப் போட்டு, திருப்பித் திருப்பிப் பொன்னிறமாகப் பொரித்து எடுங்கள்.

பளையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு ஷெல் காயத்தால் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. கொழுக்கட்டை ஓரத்தை முன்போல நெளிக்க அவரால் முடிவதில்லை. முள்ளுக்கரண்டியை உள்ளங்கையால் அழுத்தி அவர் பற்றீசின் ஓரத்தை ஒட்டுகிறார். அவர் செய்த பற்றீஸ் ஒன்றுகூட எண்ணெயில் வாய் திறந்து நான் காணவில்லை. இருந்த இடத்தில் இருந்து செய்யக்கூடிய தொழில் என்பதால், நடக்கச் சிரமப்படுபவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இது ஏற்றது.

விற்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நமது வெக்கைக்குத் தேங்காய்ப் பாலும் மீனும் கிழங்கும் விரைவில் பழுதாகும். ஆகவே உள்ளுடனை முதல்நாள் இரவே செய்து வெளியில் வைக்க வேண்டாம். காலையில் செய்தது மதியத்துக்குள் விற்று முடியவேண்டும். மிஞ்சிய உள்ளுடனை மறுநாள் உள்ளுடனோடு கலக்கவே கூடாது. கறுத்து, தடித்து, புகையும் எண்ணெயைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. அச்சடித்த தாளில் சுற்றிக் கொடுத்தால் மை உணவில் ஒட்டும். வாழையிலை நம்மிடம் தாராளமாக உண்டு.

உணவுத் தொழிலுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும். தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே சந்தித்து, கிணற்று நீர், குசினி, மருத்துவச் சான்றிதழ் பற்றிக் கேட்டுச் செய்வது நல்லது. அவர் வந்து பிடிப்பார் என்று பயந்து ஒளித்துச் செய்வதால் கடைக்காரரின் கைக்குள்தான் நாம் அகப்படுவோம். "உனக்குப் பதிவு இல்லை, நான் சொல்லும் விலைக்குத் தா" என்று சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிடும்.

ஐந்து மணித்தியாலத்தின் விலை

இனிக் கணக்குக்கு வருவோம். பல ஆண்டுகளாகப் பற்றீஸ் செய்துவரும் ஒரு தாயாரிடம், "அம்மா, ஒரு நாளைக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். "மிச்சத்தைக் கேக்காதேங்கோ பிள்ளை. கையிலை காசு புழங்குது, அது காணும்" என்றார். இருவரும் திண்ணையில் இருந்து ஒரு கொப்பித்தாளில் எழுதிப் பார்த்தோம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே கீழே உள்ளதை ஓர் உதாரணமாக மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

50 பற்றீசுக்கு ஒரு கிலோ மா 200 ரூபா, மாஜரின் 250, தேங்காய் 180, இரண்டு முட்டை 80, ரின் மீன் 500, கிழங்கு 200, வெங்காயம் முதலிய சில்லறைச் சாமான்கள் 120, எண்ணெய் 300, விறகு அல்லது எரிவாயு 100. மொத்தம் 1,930 ரூபா. கடைக்கு ஒன்று 50 ரூபாவாகக் கொடுத்தால் 50 பற்றீசுக்கு 2,500 ரூபா. மிச்சம் 570 ரூபா. ஆனால் விற்காததைக் கடைக்காரர் திருப்பிவிடுவார். எட்டுப் பற்றீஸ் திரும்பி வந்தால் 400 ரூபா போய்விடும். கையில் மிஞ்சுவது 170 ரூபா. சாமான் வாங்குவதிலிருந்து தாச்சி கழுவும் வரை ஐந்து மணித்தியால வேலை. மணித்தியாலத்துக்கு 34 ரூபா. தாயார் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் கடைக்காரருக்குத்தான் உழைச்சிருக்கிறன்" என்றார்.

இதே உழைப்பை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தோம். ரின் மீனை விட்டு, 150 ரூபாவுக்கு மேலதிக மரக்கறி சேர்த்தால் 50 பற்றீசின் செலவு 1,580 ரூபாவாகிறது. கடையில் உண்மையில் விற்பது 40 என்றால் 40 மட்டும் செய்யலாம். அதன் செலவு 1,264 ரூபா. மரக்கறிப் பற்றீஸ் என்பதால் 45 ரூபாவுக்கே கொடுத்தாலும் 1,800 ரூபா வரும். மிச்சம் 536 ரூபா. பத்துப் பற்றீஸ் குறைவாகச் செய்து, விலையையும் குறைத்து, முன்னையதைவிட மூன்று மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது. அதே 40ஐ ஒரு கூட்டத்துக்கோ பிறந்தநாளுக்கோ முற்கூட்டியே ஓடர் எடுத்து 60 ரூபாவுக்கு நேரடியாகக் கொடுத்தால் மிச்சம் 1,136 ரூபா.

நமது பெண்கள் தமது உழைப்பைச் செலவுப் பக்கத்தில் எழுதுவதில்லை. வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லாதது போல, வீட்டில் இருந்து செய்யும் தொழிலுக்கும் சம்பளம் இல்லை என்று பழகிவிட்டோம். தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் ஒருவரின் நாட்சம்பளம் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். குசினியில் நிற்கும் பெண்ணின் நாட்சம்பளம் அவளுக்கே தெரியாது.

சாமான் விலை ஏறும்போது இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்தாகிறது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. மாவும் எண்ணெயும் கூடவே ஏறின. கடைக்காரர் தேநீர் விலையை உடனே கூட்டினார். பற்றீஸ் கொடுத்த பெண்களோ விலையைக் கூட்டக் கேட்கக் கூச்சப்பட்டு, பற்றீசைச் சிறிதாக்கினார்கள், அல்லது விறகுக்குத் திரும்பிப் புகையைக் குடித்தார்கள். விலையைக் கூட்டிக் கேட்பது வெட்கமான காரியமல்ல. அன்றைய செலவுத் தாளைக் காட்டிக் கேட்டால் மறுக்கும் கடைக்காரரும் யோசிப்பார்.

கடன் எடுத்துத் தொடங்க வேண்டாம்

போருக்குப் பின் வன்னியில் வீடு வீடாக வந்த நுண்கடன் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய தவணைக்காக ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். நிலைமை அவ்வளவு மோசமானதால்தான் 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றுத் தவணை தவறியிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது.

பற்றீசுக்குக் கடன் தேவையில்லை. தாச்சி, பேணி, போத்தல், முள்ளுக்கரண்டி எல்லாம் வீட்டில் உள்ளவை. தேங்காய் பலரின் வளவில் உண்டு. ஆனால் வளவுத் தேங்காயையும் சந்தை விலைக்குச் செலவில் எழுதுங்கள். அதைச் சந்தையில் விற்றிருந்தால் காசுதானே? முதல் நாள் 25, ஓடர் கூடினால் 40 என்று மெதுவாகக் கூட்டுங்கள். ஒருவர் செய்வதைவிட மூன்று பேர் சேர்ந்து மாவும் எண்ணெயும் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கடைக்காரரோடு விலை பேசும்போதும் மூன்று பேரின் குரல் ஒருவரின் குரலைவிடக் கேட்கும். வடக்கில் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் தாமே சமைத்து, தாமே விற்று, வாங்குபவரின் முகத்தைப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். அங்கு சாப்பிட வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால், பெண்ணின் கைச்சமையலுக்கு ஊரில் மதிப்பில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பளையில் தலையிழந்த தென்னைகளின் இடத்தில் புதிய கன்றுகள் வளர்ந்து காய்க்கின்றன. காய்த்த தேங்காயை உரித்துப் பால் பிழிய நமது கைகளும் இருக்கின்றன. சகோதரிகளே, இந்த மாதம் ஒரு கொப்பி வாங்குங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. செலவுப் பக்கத்தின் முதல் வரியில் உங்கள் வேலை நேரத்துக்கான கூலியை எழுதுங்கள். மாவையும் எண்ணெயையும் அதற்குக் கீழே எழுதுங்கள். அதன் பிறகு பற்றீசின் விலையைத் தீர்மானியுங்கள்.